கதையில் இல்லாத நாத்தனார்

மாலதி, கதிர், இரண்டு பேரும் இதை நிதானமாகப் படியுங்கள். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

என் பழைய நாவல்களைக் கைப்பேசியில் படிக்கும்படி ஏற்றப் போகிறோம் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து நான் நல்ல தெம்பாக இருக்கிறேன். பதினான்கு காதல் நாவல் எழுதியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! மாலதி கெலுகோரில் பல்கலைக்கழக ஆபீஸ் வேலை முடிந்து வந்து, சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து தட்டச்சு செய்கிறாள். போன வாரம் அவள்தான் கேட்டாள்:

"அப்பா, 'இரண்டு கையெழுத்து' நாவல்ல பெரிய ஓட்டை ஒன்னு இருக்கு. பத்து அத்தியாயம் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுல அம்மாவும் மகனும்தான். பதினொன்னுல திடீர்னு ஒரு அக்கா அடுப்படியிலேருந்து காப்பித் தட்டோட வர்றாங்க. இத்தன நாளா எங்க இருந்தாங்க? முதல் அத்தியாயத்துல ஒரு வரி சேர்த்துட்டா சரியாயிடும். சேர்க்கட்டா?"

இன்னொன்றும் கேட்டாள். நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பிரதியில், முதல் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறதே, அது என்ன என்று.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் எப்படி எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆசிரியர் குறிப்பு வேறு கேட்டிருக்கிறீர்கள். இதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு என்று பார்த்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம், பிறகு இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் தேறாமல் நின்றுவிட்டேன். முடிவெட்டும் கடையில் கிடந்த வார இதழ்கள்தான் என் கல்லூரி. பத்தொன்பது வயதில் மாக் மண்டினில் பிஸ்கட் டின் செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தேன். முப்பத்தொரு வருடம் அங்கேயே. அதையெல்லாம் உங்கள் அம்மா உங்களுக்குப் பலமுறை சொல்லியிருப்பாள்.

வீடு பினாங்குத் தீவில், வேலை அக்கரையில். பாலம் வழியாகத் தொழிற்சாலை பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் நான் ஃபெரிப் படகை விடவில்லை. காலையில் அந்தப் பதினைந்து, இருபது நிமிடம்தான் என் எழுத்து நேரம். மேல்தட்டில் இடது பக்கம், கயிற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. தொழிற்சாலையில் வீணான உற்பத்திப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம். ஃபெரி கரையை முட்டுகிற வேகத்தில் பேனா இழுத்துவிடும். என் கையெழுத்துப் பிரதியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு நீண்ட கோட்டில் முடிவது அதனால்தான்.

காதலை எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்று இப்போதும் இளைய எழுத்தாளர்கள் கேட்கிறார்கள். ஃபெரியில்தான் பிடித்தேன். இரண்டு பேர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நம் ஆட்கள் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வார்கள். பை யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஏறும்போது அவள் கையில் இருந்த சாப்பாட்டுப் பை இறங்கும்போது அவன் கையில் இருந்தால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த நடுவைத்தான் நான் எழுதினேன்.

வசனம் எழுதியது இயந்திரத்தின் முன்னால். தகடு அடிக்கிற பகுதியில் காதில் பஞ்சு இல்லாமல் நிற்க முடியாது. அந்த இரைச்சலில் என்ன பேசினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. கதாநாயகனாகவும் பேசுவேன், கதாநாயகியாகவும் பேசுவேன். புதிதாக வந்த ஒருவர் பயந்துபோய், "அந்த அண்ணே தனியாப் பேசுறாரு, சாமி கீமி வந்திருக்கா?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் சீன சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே, "அவன் காதல் செய்றான் லா, விடு" என்று மலாயில் சொன்னாராம். அன்றிலிருந்து தொழிற்சாலையில் எனக்குப் பெயர் காதல் அண்ணே. உங்கள் அம்மா மட்டும் அந்தப் பெயரை ஒப்புக்கொள்ளவே இல்லை. "தகரத்துக்கிட்ட பேசுற பேச்சுல ஒரு வரி என்கிட்டப் பேசியிருந்தா நானும் நம்புவேன்" என்பாள்.

அச்சில் வந்த வழி இன்னும் சுருக்கம். பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் தமிழ் வார இதழ் ஒன்று நடந்தது. அதன் ஆசிரியர் வயிரவன் ஐயா. செட்டிநாட்டுக் குடும்பம், இங்கேயே பிறந்தவர், பேச்சு மட்டும் அந்த ஊர்ப் பேச்சு. எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் தச்சர்கள் வைத்திருக்கிற தட்டைப் பென்சில்.

அவர் கதை படிக்கிற விதத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மர அடிக்கோலை வரிக்குக் கீழே வைப்பார். வாய்விட்டுப் படிப்பார். ஆனால் ஏற்ற இறக்கமே இருக்காது, கரண்ட் பில்லைப் படிக்கிற மாதிரி. 'உன்னை நினைக்காத நாளில்லை' என்பதும் 'மீட்டர் வாடகை' என்பதும் அவர் வாயில் ஒன்றுதான். முதல் தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது. அப்படிப் படித்தும் ஒரு வரி நின்றால் அது நிற்கும். குரலை வைத்து ஏமாற்ற முடியாது.

கதையில் ஒரு ஆள் எங்கே இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாவிட்டால், அடிக்கோலை நிறுத்தி, "இவுக எங்கே நிக்கிறாக?" என்று கேட்பார். ஓரத்தில் ஐந்து காசு அளவில் ஒரு வட்டம் போடுவார். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கதை பிடித்தால், "வச்சிட்டுப் போங்க." பிடிக்காவிட்டால் ஜன்னல் பக்கம் போய்க் கீழே இருக்கும் டீக்கடைக்குக் குரல் கொடுப்பார். கயிற்றில் கட்டிய கூடையில் டீ மேலே வரும். "குடிங்க" என்பார். டீ வந்தால் கதை போச்சு என்று அர்த்தம். நான் அங்கே ஒன்பது டீ குடித்தேன். பத்தாவது கதைக்கு டீ வரவில்லை. படி இறங்கும்போது தொண்டை வறண்டிருந்தது, மனசு குளிர்ந்திருந்தது.

பிறகு தொடர்கதை கேட்டார். ஒரு விதிதான் சொன்னார்: "வாரத்துக்கு ஒருக்கா படிக்கிறவுகளுக்கு அஞ்சு பேருக்கு மேல ஞாபகம் இருக்காது. அஞ்சோட நிறுத்துங்க." அந்த விதி எனக்கு ஏழு நாவலைக் கட்டிக் கொடுத்தது. எட்டாவதில் காலை வாரிவிட்டது. விதி மேல் குற்றம் இல்லை. குற்றம் என் மேல்.

எங்கள் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற பகுதியில் சாந்தி என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்தாறு வயது. லாரி ஓட்டும் ரவியோடு அவளுக்குப் பதிவுத் திருமணம் ஆகியிருந்தது. நம் நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் அரசாங்க ஆபீஸில் கையெழுத்துப் போட்டு ரெஜிஸ்தர் செய்துவிடுவோம், கோயிலில் தாலி பிறகு ஒரு நல்ல நாளில். சட்டத்துக்கு அவர்கள் கணவன் மனைவி. நமக்குத் தாலி ஏறும்வரை அவள் அப்பா வீட்டுப் பெண். சாதாரணமாக ஆறு மாதம் இடைவெளி இருக்கும். சாந்திக்கு இரண்டு வருடம் தாண்டிவிட்டது. ரவியின் தாயார் நாகம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லித் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார். முறித்துக்கொள்ளலாம் என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒருநாள்கூட வாழாமல் விவாகரத்தானவள் என்று பெயர். இருக்கலாம் என்றால் எத்தனை நாள்?

இதையெல்லாம் கேன்டீனில் சாப்பிடும்போது சாந்தி என்னிடம் சொன்னாள். அண்ணன் என்று நினைத்துச் சொன்னாள். நான் எழுத்தாளனாகக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. ரெஜிஸ்தர் அன்று இரண்டு பேருக்கும் முழு நாள் விடுப்புக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு சாந்தி மதியம் நேராக வேலைக்கு வந்துவிட்டாள். பட்டுச் சேலைக்கு மேல் தொழிற்சாலை ஏப்ரன். தலையில் பூ, பூவுக்கு மேல் வலைத்தொப்பி. அவள் பஞ்ச் கார்டில் அன்றைய கட்டத்துக்குப் பக்கத்தில் வருகைக் கணக்குப் பார்க்கும் கிராணி சின்னதாக ஒரு பூ வரைந்து கொடுத்தார். தொழிற்சாலை முழுக்கக் கை தட்டியது. நானும் தட்டினேன்.

அதை வைத்து 'இரண்டு கையெழுத்து' தொடங்கினேன். பெயரை மாற்றினேன். டின் தொழிற்சாலையைத் துணித் தொழிற்சாலை ஆக்கினேன். ஆனால் அந்த ஏப்ரனை மாற்ற மனசு வரவில்லை. அவ்வளவு நல்ல விஷயத்தை எந்த எழுத்தாளன் விடுவான்? சாந்தியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

நாகம்மாவுக்குப் பதிலாக ஒரு மாமியாரை வைத்தேன். ஏன் கல்யாணத்தைத் தள்ளுகிறார் என்று கதைக்கு ஒரு காரணம் வேண்டுமே. வீம்பு என்று வைத்தேன், மகனை விட மனசில்லாத வீம்பு. வாசகர்கள் கொதித்துப் போனார்கள். 'அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போக வேண்டும், கிழவி முகத்தில் கரி பூச வேண்டும்' என்று கடிதங்கள் வந்து குவிந்தன. நானும் முடிவை அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஒன்பதாவது அத்தியாயம் வந்த வாரம், நான் இயந்திரத்தின் முன்னால் நின்று கதாநாயகன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சாந்தி வந்து நின்றாள். வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. இதழைத் தூக்கிக் காட்டினாள். இயந்திரத்தை நிறுத்தினேன். வேலை நேரத்தில் நான் அதை நிறுத்தியது அந்த ஒரு தடவைதான்.

"படிச்சீங்களா அண்ணே?" என்றாள்.

"நான்தானே லா எழுதுனேன்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பட்டுச் சேலைக்கு மேல ஏப்ரன். அது யாரு?"

"சாந்தி, அது கதை..."

"கதைதானேன்னு சொல்லாதீங்க. நான் உங்ககிட்டதான் சொன்னேன். நாட்டுக்குச் சொல்லல." குரல் உயரவே இல்லை. "அத்தை எல்லா வாரமும் படிக்கிறாங்களாம். இந்த வாரம் ரவிய உக்கார வச்சுச் சொல்லிட்டாங்க. 'அவ நம்ம வீட்டு விஷயத்தப் பேப்பர்ல போடச் சொல்றவ. எனக்கு வேணாம். கோர்ட்டுக்குப் போ'ன்னு. ரவி தலைய ஆட்டிக்கிட்டு நின்னாராம். இப்ப சொல்லுங்க அண்ணே. உங்க கதையில கடைசியில நான் என்ன ஆவுறேன்?"

இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் கோர்ட்டுக்குப் போகிற அத்தியாயம் ஏற்கெனவே என் பையில் இருந்தது.

அன்று சாயங்காலம் ஃபெரியில் பேனாவை எடுக்கவில்லை. நேராகப் பினாங்கு ஸ்திரீட் போய் வயிரவன் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொடரை நிறுத்திவிடுங்கள் என்றேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் குரல் கொடுத்தார். கூடையில் டீ வந்தது.

"குடிங்க" என்றார். "பாதியில நிறுத்தினா, நெசம்தான் போலருக்கு, அதான் நிறுத்திப்புட்டாகன்னு ஊரே சொல்லும். அந்தப் பொண்ணுக்கு அதுதான் கேடு. பத்தாவது அத்தியாயம் அச்சுக்குப் போயிருச்சு. பதினொன்னுக்குப் பத்து நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை அந்த அம்மா வீட்டுக்குப் போவோம்."

"நீங்க எதுக்கு ஐயா? தப்பு என்னுது."

"எழுதினது நீங்க. அச்சுல ஏத்தினது யாரு?"

கதிர், நீ தினமும் காடி விற்கப் போகிறாயே அந்த ஜுரு, அங்கேதான் அவர்கள் வீடு. இப்போது கார்க் காட்சிக்கூடமாக இருக்கிற வரிசைக்குப் பின்னால் அப்போது பலகை வீடுகள் இருந்தன. ஃபெரி ஏறி, பஸ் மாறி, பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஒரு நாய் குரைத்தது. "டைகர், சும்மா இரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதையில் வரும் நாய்க்கும் டைகர் என்றுதான் எழுதியிருந்தேன். சாந்தி எப்போதோ சொன்னது, மாற்ற மறந்துவிட்டேன்.

நாகம்மா தரையில் உட்கார்ந்து கறிபாப் பலகாரம் மடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலச் சந்தைக்கு அவர் போடுகிற வியாபாரம். மாவின் ஓரத்தை விரல் நுனியால் சின்னச் சின்னதாக முறுக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்:

"வாங்க. வில்லி வீட்டுல காப்பி குடிப்பீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வயிரவன் ஐயா சொன்னார்: "குடிப்போம் ஆச்சி. அச்சுல ஏத்தினவன் நான்தான். எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

"இவருக்கு ரெண்டு கரண்டி சேத்துப் போடணும் போல. எழுத்தெல்லாம் ஒரே கசப்பு." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "நல்லாத்தான் தம்பி எழுதுறீங்க. உங்க முந்தின கதைக்கெல்லாம் நான் அழுதிருக்கேன். இந்தக் கதைக்கு எம்பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பாத்துச் சிரிக்கிறா."

மன்னிப்புக் கேட்டேன். சாந்தி எழுதச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது, எல்லாம் என் வேலை என்று சொன்னேன். அவர் விரல்கள் நிற்கவே இல்லை. "அப்படீன்னா எதுக்கு நான் தேதியத் தள்ளுறேன்னு ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கலாம் லா. வீம்புன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றார்.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து காப்பித் தட்டோடு அந்தப் பெண் வந்தார். முப்பத்துநான்கு வயது இருக்கும். ரவியின் அக்கா ஈஸ்வரி. டயர் கடையில் கிராணி. தட்டைக் கீழே வைத்துவிட்டு, என் முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணே, நான் உங்க வாசகி. ஒன்னு கேக்கணும். எங்கம்மா கதையில இருக்காங்க. தம்பி இருக்கான். எங்க வீட்டு நாய் கூட இருக்கு. நான் எங்க போனேன்?"

மாலதி, பதினான்கு நாவலுக்கு எத்தனையோ விமர்சனம் வாங்கியிருக்கிறேன். இப்படி ஒன்றை நான் வாங்கியதில்லை.

சாந்தி என்னிடம் சொல்லியிருந்தாள். 'ஈஸ்வரி அக்கான்னு மூத்தவங்க ஒருத்தங்க இருக்காங்க, நல்ல மாதிரி' என்று ஒரே வரி. நான் எண்ணிப் பார்த்தேன். பெண், பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை, மாமியார், ஒரு தோழி. ஐந்து பேர் ஆகிவிட்டது. ஆறாவது ஆள் எதற்கு என்று விட்டுவிட்டேன். அதைச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

"நாய்க்கு எடம் இருந்துச்சு" என்றார் ஈஸ்வரி. கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா சொல்லமாட்டாங்க. நான் சொல்றேன்."

"ஈஸ்வரி, வாய மூடு."

"ரெண்டு வருசமா மூடித்தான் இருக்கேன். அண்ணே, எனக்கு முந்தி தம்பிக்குத் தாலி கட்டுற நாள் வரக்கூடாதுன்னு அம்மாவுக்கு. ரெஜிஸ்தர்னா காகிதம், அத யாரும் வந்து பாக்கப் போறதில்ல. கோயில்ல கட்டுனா, தம்பி ஒரு முடிச்சுப் போடுவான், மத்த ரெண்டு முடிச்சு நாத்தனார் போடணும். மணவறையில நான் போய் நிக்கணும். எல்லாரும் பொண்ண விட்டுட்டு என்னப் பாப்பாங்க. 'மூத்தவளுக்கு இன்னும் ஆகலியா'ன்னு ஆளுக்கு ஒரு வாய். அதுக்குப் பயந்துதான் அம்மா தள்ளிக்கிட்டே போறாங்க. இதுவரைக்கும் ஏழு பேரு வந்து என்னப் பாத்துட்டுப் போயிட்டாங்க. எட்டாவது ஆளுக்காக அந்தப் பொண்ணு இன்னும் எத்தன வருசம் உக்காந்திருக்கணும்?"

நாகம்மாவின் விரல்கள் அப்போதுதான் நின்றன.

"என் மகள நாலு பேரு பாத்துப் பேசுறதுக்கு, நான் வில்லியாவே இருந்துட்டுப் போறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஈஸ்வரி என் பக்கம் திரும்பினார். "என்னக் கதையில போடுங்க அண்ணே. நான் சொன்னத அப்படியே சொல்ல விடுங்க. ஆனா பாவப்பட்ட பொண்ணா போட்டுடாதீங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விட வச்சீங்க, மாக் மண்டினுக்கே வந்து கேப்பேன்."

திரும்பும்போது பஸ்ஸில் வயிரவன் ஐயா பையிலிருந்த பென்சிலை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே வந்தார். ஃபெரி ஏறும் பட்டர்வொர்த் வந்ததும் சொன்னார்: "முதல் அத்தியாயத்திலயே நான் வட்டம் போட்டிருக்கணும். தாயும் மகனும்தான்னு எழுதியிருந்தீக. ஒரு வீடுன்னா வேற யாரும் இல்லையான்னு கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

பதினொன்றாவது அத்தியாயத்தை ஐந்து நாள் காலை எடுத்துக்கொண்டு எழுதினேன். ஃபெரியில் இவ்வளவு நிதானமாக நான் எழுதியதே இல்லை. முடித்ததும் ஆசிரியரிடம் கொண்டு போகவில்லை. முதலில் கேன்டீனில் சாந்தியிடம் கொடுத்தேன். சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தாள். ஒரு வரியை மட்டும் விரலால் காட்டி, "இது எனக்கும் ரவிக்கும் மட்டும் தெரிஞ்சது. எடுத்துடுங்க" என்றாள். எடுத்தேன். நல்ல வரிதான். பரவாயில்லை. அதே பிரதி அவள் மூலமாக டயர் கடைக்குப் போய், 'கண்ணீர் இல்லை, சரி' என்று ஓரத்தில் எழுதித் திரும்பி வந்தது. அன்றிலிருந்து என் வழக்கம் அதுதான். யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்தேனோ அவர் படிக்காமல் ஒரு பக்கம்கூட அச்சுக்குப் போனதில்லை. அதனால் என் கதை கெட்டுப் போகவும் இல்லை. பிறகு எழுதிய ஆறும் முந்திய எட்டைவிட நல்லவை என்று தைரியமாகச் சொல்வேன்.

வயிரவன் ஐயா அந்த அத்தியாயத்தைக் கரண்ட் பில் மாதிரியே படித்தார். ஈஸ்வரி பேசுகிற இடத்தில் அடிக்கோல் ஒரு தடவை நின்றது. வட்டம் போடப் போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை. மறுபடி நகர்ந்தது. "ஆறு பேரு ஆயிருச்சு" என்றார். "வச்சிட்டுப் போங்க."

ஆனால் கடைசி அத்தியாயம் மாட்டிக்கொண்டது. கோர்ட் பேச்சை நாகம்மா அதன்பிறகு எடுக்கவில்லை, தேதியும் சொல்லவில்லை. சாந்தி மூலமாக எனக்குச் சொல்லியனுப்பினார்: "கதையில அந்த அம்மா கடைசியில என்ன பண்றான்னு பாத்துட்டுச் சொல்றேன்." நானோ, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். வயிரவன் ஐயா, "ஒருத்தர் வாயை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தா, இதழ் வெள்ளைத் தாளா வரும். எழுத்தாளர் யாரு, அந்த ஆச்சியா?" என்று அதட்டினார்.

எழுதினேன். பயப்படாமல் எழுதினேன். அதில் அந்தத் தாய் மனம் மாறிவிட்டேன் என்று ஒரு வசனமும் பேசவில்லை. மகளுக்கு ஒரு புதுச் சேலை எடுத்துவந்து, "முடிச்சுப் போடுறப்ப முந்தானை வழுக்கக்கூடாது, அதான் பருத்தியா எடுத்தேன்" என்று மட்டும் சொல்கிறாள். அதோடு நாவல் முடிகிறது. கல்யாணத்தை நான் எழுதவில்லை. அது அவர்கள் எழுத வேண்டியது.

இரண்டு மாதம் கழித்துச் சாந்தி கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் இயந்திரத்தின் மேல் வைத்தாள். என் கதையால் அந்தக் கல்யாணம் நடந்தது என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஈஸ்வரி வாயைத் திறந்ததால் நடந்தது. என் கதையால் முறிய இருந்தது தப்பியது, அவ்வளவுதான்.

கோயிலில் நான் மணவறைக்கு இடது பக்கம் நின்றேன். மேளம் உயர்ந்தது. ரவி ஒரு முடிச்சுப் போட்டுக் கையை எடுத்தார். பின்னால் நின்ற ஈஸ்வரி குனிந்து இரண்டாவது முடிச்சைப் போட்டார். அவசரமே இல்லை. மூன்றாவதையும் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். தலையைக் குனிந்துகொள்ளவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "யாரு லா அந்தப் பொண்ணு? இன்னும் ஆகலியா?" என்று கேட்டார். மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டுவிட்டார். மணவறையில் நின்ற நாகம்மா திரும்பினார்.

"என் மூத்த மக" என்றார், மேளத்துக்கு மேல் கேட்கும்படி. "நல்லாப் பாத்துக்கங்க."

அந்த அம்மாள் கையில் இருந்த அட்சதையைப் போட மறந்து நின்றுவிட்டார்.

ஆகையால், மாலதி, முதல் அத்தியாயத்தில் ஒரு வரியும் சேர்க்காதே. ஈஸ்வரி பத்து அத்தியாயம் கதையில் இல்லை. நான் விட்டுவிட்டதால்தான் இல்லை. படிக்கிறவர்கள் இத்தனை நாள் இவர் எங்கே இருந்தார் என்று கேட்கட்டும். அவரும் அதைத்தான் கேட்டார். வாசகர் சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

அந்த வட்டத்துக்கு வருகிறேன். கல்யாண விருந்து முடிந்து உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் மதியத்து ஃபெரியில் வீடு திரும்பினேன். சட்டையைக்கூட மாற்றவில்லை. அலமாரியைத் திறந்து, 'இரண்டு கையெழுத்து' முதல் அத்தியாயம் வந்த இதழை எடுத்தேன். பிளேடால் பென்சிலைச் சீவிக்கொண்டேன். 'அந்த வீட்டில் தாயும் மகனும், வாசலில் ஒரு நாயும்தான்' என்ற வரியைக் கரண்ட் பில் மாதிரி ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். அதன் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டேன். வயிரவன் ஐயா போடுகிற ஐந்து காசு வட்டம் இல்லை, கொஞ்சம் பெரிதாக, ஒரு ஆள் உள்ளே நிற்கிற மாதிரி.